எம்.பி.ஏ. கனவும் எந்தக் கல்லூரி என்ற கேள்வியும்



நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் "டிப்ளமோ முடிச்சு பி.இ., அதுக்கப்புறம் எம்.பி.ஏ." என்றுதான் சொல்கிறோம். எந்தக் கல்லூரியில் பி.இ. சேர்ந்தால் எம்.பி.ஏ.வுக்கு நல்லது என்று கேட்டால், பஸ்ஸில் போகும்போது பார்த்த விளம்பரப் பலகைதான் பதிலாக வருகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த ஆள் நான். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டுதான் வேலை. மழை பெய்தால் அன்றைய கூலி இல்லை. அதனால் பலகையை நம்பாமல் விசாரித்துப் பார்த்தேன்.

ஐ.ஐ.எம்.மில் சேர எழுதுவது சி.ஏ.டி. எனும் கேட் தேர்வு. (எம்.டெக். சேர எழுதும் கேட் வேறு. ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் நம்மில் குறைவு!) அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டமும் அதில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் எழுதலாம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45 போதும். இந்தப் பாடம்தான், இந்தக் கல்லூரிதான் என்ற நிபந்தனை கிடையாது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.காம். படித்தவரும் கிண்டியில் பி.இ. படித்தவரும் எழுதுவது ஒரே தேர்வுதான்.

ஆனால் தேர்வு எழுதியதோடு முடியவில்லை. நேர்முகத்துக்கு அழைக்கும்போதும் கடைசித் தேர்விலும் பல ஐ.ஐ.எம்.கள் பழைய மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, பிறகு பட்டம். அதாவது நாம் இப்போது "அரியர்தானே, அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்" என்று விடுகிறோமே, அதுவும் கணக்கில் வரும்.

ஆகவே பெரிய பெயருள்ள கல்லூரியில் 60 சதவீதத்தில் தத்தளிப்பதைவிட, கோணத்திலுள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியிலோ திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலோ 80 எடுப்பது மேல் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: வளாகத் தேர்வுக்கு எந்தக் கம்பெனிகள் வருகின்றன? வேலை அனுபவத்துக்கும் பல ஐ.ஐ.எம்.களில் மதிப்பெண் உண்டு. இன்னொன்று நூலகம். கேட் தேர்வில் மூன்று பகுதி. அதில் ஒன்று முழுக்க ஆங்கில வாசிப்பு. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நமக்குத் தமிழில் விளக்கினால்தானே மண்டையில் ஏறுகிறது! தினமும் ஆங்கிலப் பத்திரிகை வாசிக்க இடம் தரும் கல்லூரி நமக்குப் பாதிக் கோச்சிங் சென்டர்.

ஐ.ஐ.எம். மட்டுமே வழியும் அல்ல. அகமதாபாத், பெங்களூர் போன்ற பழைய ஐ.ஐ.எம்.களில் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும். வங்கிக்கடன் இல்லாமல் நினைக்க முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதினால் தமிழ்நாட்டிலேயே குறைந்த செலவில் எம்.பி.ஏ. படிக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ, அதன்பின் மூன்றாண்டு பட்டம் என்ற வரிசையை அங்கே ஏற்கிறார்கள். நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேரும் நமக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

இனி பணம். நேரடி இரண்டாமாண்டு சேர்க்கைக்கு நம் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க். கவுன்சலிங் வழியாகப் போனால் முதல் பட்டதாரிக்கான கல்விக்கட்டணச் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடைக்காது. "அந்த ரெண்டு சென்ட வித்துப் போடுவோம் மக்களே, நல்ல காலேஜா பாரு" என்றார் அப்பா. அது வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சலுகை குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு மட்டும். நான் வாங்கினால் என் தங்கைக்கு இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் டூ வரை அவளை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றக்கூடாது என்று வீட்டில் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.