பழைய டிராக்டர் வாங்கப் போறீங்களா? கிளட்ச்சையும் கியர் பாக்ஸையும் பார்த்து வாங்குங்க



நமது குழுக்களில் சிலர் கடன் வாங்கி, வாடகைக்கு ஓட்ட பழைய டிராக்டர் வாங்குகிறார்கள். அப்படி ஒரு குழு வண்டி பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். புது பெயின்ட், புது டயர், முன்னால் மாலை. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

முதல் சேற்றுழவிலேயே இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது, அதன்மேல் ஆயிலும் இறங்கியிருந்தது. பிளேட் மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நடவு நேரத்தில் 12 நாள் ஷெட்டில் நின்றது. வாடகை வரவில்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. சமூகப்பணி படித்த எனக்கு அன்று கிளட்ச் எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியாது. பிறகு ஒரு மெக்கானிக் அண்ணனிடம் உட்கார்ந்து கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க மேடம்" என்று சிலர் சொல்வீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையதுதானே?

இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும். சேர வேண்டிய நேரத்தில் வழுக்கினால் இழுவை போய்விடும். பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாவிட்டால் கியர் அரைக்கும். முக்கியமான கோளாறு இந்த இரண்டும்தான்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்க. இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்க, சூடாக இருந்தால் நமக்கு முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்க.

முதலில் பெடலைக் கையால் அழுத்துங்க. தொடக்கத்தில் கொஞ்சம் லூசாக இறங்கி, பிறகுதான் கெட்டியாக வேண்டும். இதை ஃப்ரீ ப்ளே என்கிறார்கள். மாடலுக்கு மாடல் மாறினாலும் பெரும்பாலும் ஒரு அங்குலம் அளவில் இருக்கும். அறவே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும், அதிகமாக இருந்தால் முழுசாகப் பிரியாது. "டைட் பண்ணினா சரியாயிடும்" என்பார்கள், சில நேரம் அது உண்மைதான். ஆனால் பெடலோடு சேர்ந்த கம்பியில் டைட் செய்யும் மரை ஏற்கெனவே கடைசிவரை வந்திருந்தால், பிளேட் முடிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது வழுக்கல் சோதனை. சமமான காலி இடம் வேண்டும், முன்னும் பின்னும் ஆள் நிற்கக்கூடாது. நம்ம டிரைவர் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடட்டும். இன்ஜின் திணறி நின்றுபோனால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே கருகல் வாடை வந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

இதோடு விட்டுவிடாதீங்க. எங்களை ஏமாற்றியது ரோட்டு ஓட்டம்தான். வெறும் வண்டிக்குத் தேய்ந்த கிளட்ச் கூடப் போதும். கலப்பையை மாட்டி அரை மணி நேரமாவது உழுது பாருங்க. சூடான பிறகுதான் சில வண்டிகளில் வழுக்கல் தெரியும். கெட்டி ஆயில் ஊற்றி கியர் சத்தத்தை அமுக்கியிருந்தாலும், ஆயில் சூடாகி இளகியதும் சத்தம் வெளியே வரும். உழுவதற்கு நிலம் தர மாட்டேன் என்றால் அந்த வண்டியே வேண்டாம் என்பது என் கருத்து.

பெடலை முழுசாக மிதித்து, சில நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்க. கடகடவென்று அரைத்தால் கிளட்ச் பிரியவில்லை. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். நியூட்ரலில் காலை எடுத்ததும் வருகிற சத்தம் மிதித்தால் அடங்கினால், அது கியர் பாக்ஸுக்குள் உள்ள பேரிங். இதற்குத்தான் செலவு அதிகம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால், உள்ளே கியர் பற்களோ போர்க்கோ தேய்ந்திருக்கும்.

இரட்டை கிளட்ச் வண்டி என்றால், பாதி மிதித்ததும் சக்கரம் நிற்க வேண்டும், பி.டி.ஓ. ஓட வேண்டும். முழுசாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்க வேண்டும். இதைப் பார்க்கும்போது சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தள்ளி நில்லுங்க. சுற்றும் தண்டில் துணி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

கியர் ஆயில் கம்பியை எடுத்துத் துடைக்காமல் பாருங்க. பால் காபி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நெல் வயலில் கேஜ்வீல் போட்டு ஓடிய வண்டிகளில் இது சகஜம். ஆயிலை விரலில் தேய்த்தால் பளபளவென்று இரும்புத் துகள் தெரிகிறதா? பற்கள் தேய்கின்றன. ஆயில் புத்தம் புதுசாக இருந்தாலும், "ஏண்ணே இப்ப மாத்தினீங்க?" என்று கேளுங்க. கிளட்ச் கூட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஆயில் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, பிளேட்டிலும் ஆயில் பட்டிருக்கலாம்.

கோளாறு இருந்தாலே வாங்கக்கூடாது என்றில்லை. பிரித்து வேலை பார்க்க என்ன ஆகும் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்க. அந்த மெக்கானிக் விற்பவர் கூட்டி வந்தவராக இருக்கக்கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கும்போது, உழுது பார்த்துத் திருப்தி இல்லாவிட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்க. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிந்திருந்தால், வங்கியின் நிலுவையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம்.