மழைக்கும் நம் பற்றுப் புத்தகத்துக்கும் உள்ள சம்பந்தம்

சென்ற மாதம் கடையில் சரக்கு இறக்கிக் கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைக்கார நண்பர் ஒருவர் வந்து, "பூமி சூடாகிறது, சீதோஷ்ண நிலை மாறுகிறது என்று தினமும் எழுதுகிறார்களே அண்ணே, நாம் அரிசி விற்கிறோம், பருப்பு விற்கிறோம், நமக்கு அதில் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். உடனே தக்க பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் ஓதியது மதரஸாவில். பள்ளிக்கூடப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆயினும் கேள்வி மனத்தை விட்டு அகலாதபடியால், கிடைத்ததைப் படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை நம் வியாபாரச் சகோதரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அத்தா வைத்திருந்த பழைய பற்றுப் புத்தகங்கள் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. அரபுத் தமிழில் எழுதியவை. தோட்டத்து ஆட்களின் பெயருக்கு எதிரே அரிசி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு என்று பற்று எழுதியிருக்கும். சில தேதிகளுக்கு நேராக ஓரத்தில் 'மழை' என்று ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கும். சிறு வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. கடையில் உட்கார்ந்த பிறகே விளங்கிற்று. ரப்பர் மரத்தை விடியற்காலையில் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்று விடும். பட்டை நனைந்திருந்தால் பால் காடியில் ஓடாமல் மரமெங்கும் வழியும். மங்கில் சேர்ந்ததையும் மழை கரைத்துக் கொண்டு போகும். ஆகவே மழை நாள் வெட்டில்லாத நாள். வெட்டு குறைந்தால் மாதக் கடைசியில் நம் பாக்கி நிற்கும். அத்தா அந்த ஒரு சொல்லை வைத்தே, யாரிடம் பொறுக்க வேண்டும், யாரை நெருக்கலாம் என்று முடிவு செய்வார்.

இப்போது கோலா பிலாவைச் சுற்றிச் செம்பனையே அதிகம். தோட்டங்களில் நம் தமிழர் குறைந்து, வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். என் புத்தகத்தில் இருக்கும் பெயர்களில் பல, கம்பத்தில் சொந்த ரப்பர் வெட்டும் மலாய்க்காரர்களுடையவை. ஓரத்தில் 'மழை' எழுதும் பழக்கத்தை மட்டும் நானும் விடவில்லை. ஒரு கடைக்காரனின் புத்தகத்தை வைத்து உலகத்து மழை மாறிவிட்டது என்று சொல்வது சரியாகாது. ஒரு வருஷம் பெய்யும், ஒரு வருஷம் காயும். அது என்றும் உள்ளது. முப்பது வருஷத்துக் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பின் தெரிவதற்கே சீதோஷ்ண நிலை என்று பெயர். உலகமெங்கும் அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள்தாம் மாறுதல் உண்டு என்கிறார்கள்.

காரணம் என்ன? நம் ஊரில் வானம் தெளிந்திருக்கும் இரவில், மலைப் பக்கத்துக் குளிர் வந்து போர்வை தேட வைக்கிறது. மேகம் மூடிய இரவிலோ புழுக்கம் தாங்கவில்லை. பகலில் வாங்கிய உஷ்ணத்தைத் தரை மேலே விடுகிறது. மேகம் அதைப் போக விடாமல் திருப்புகிறது. கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமன்று. அர்ரீனியஸ் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி, காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896லேயே கணக்குப் போட்டிருக்கிறார்.

எந்திரத் தொழில்கள் வளர்வதற்கு முன்பு, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். அப்போது சுமார் 315. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. இத்தனை சிறிய அளவு என்ன செய்து விடும் என்று நானும் நினைத்தேன். நாம் விற்கும் சொட்டு நீலம் ஒரு வாளித் தண்ணீரை என்ன செய்கிறது என்பதை நினைத்தபின் அந்தச் சந்தேகம் போயிற்று. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாம் கோடிக்கணக்கான வருஷங்களாக மண்ணுக்குள் புதைந்து கிடந்தவை. அவற்றை இருநூறு வருஷத்துக்குள் எடுத்துக் கொளுத்தி விட்டோம். போதாததற்குக் காட்டையும் அழித்தோம். சூரியன்தான் அதிகம் காய்கிறது என்பாரும் உண்டு. அப்படியானால் ஆகாயத்தின் மேல்தட்டும் சூடாக வேண்டும். அளந்து பார்த்ததில் கீழ்க்காற்று சூடாகி, மேல்தட்டு குளிர்ந்திருக்கிறது. போர்வையின் வேலை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

2024ஆம் வருஷத்தில் உலகத்தின் சராசரி உஷ்ணம், அந்தப் பழைய நாளைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. ஒன்றரை டிகிரி சிறிதென்று தோன்றும். ஆனால் ஒரு டிகிரி கூடினால் காற்று 7 சதவிகிதம் அதிகமாக நீராவியைத் தாங்கும். அது இறங்கும்போது மொத்தமாக இறங்கும். 2021 டிசம்பர் நடுவில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூர்ப் பகுதியில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வீட்டுக் கூரை வரை தண்ணீர். நமது நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. 50 பேருக்கு மேல் மாண்டனர். அரசாங்கப் புள்ளிவிவர இலாகா போட்ட நஷ்டக் கணக்கு 610 கோடி வெள்ளி. அதில் கடை, வியாபார ஸ்தலங்களின் நஷ்டம் மட்டும் 50 கோடி அளவு.

மழை ஒரு பக்கம் என்றால் வறட்சி மறுபக்கம். பசிபிக் கடல் சில வருஷங்களுக்கு ஒரு முறை சூடாகும்போது நம் பக்கம் மழை குறையும். இதை எல் நினோ என்கிறார்கள். இது பழைய காலந்தொட்டு வருவதுதான். 1998இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி காய்ந்ததும் அப்படிப்பட்ட சமயத்தில்தான். இன்று அது ஏற்கெனவே சூடான பூமியின் மேல் வந்து சேர்கிறது. 2015, 2016 வறட்சியில் நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஏறக்குறைய 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடி டன்னாக இறங்கிற்று. இதில் கடன் கொடுக்கும் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. செம்பனை வறட்சியை உடனே காட்டாது. பூ உருவாகும்போது பட்ட காய்ச்சல், பல மாதம் கழித்தே குலையில் தெரியும். மழை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நாம் தாராளமாகப் பற்றுக் கொடுக்கும் வேளையில்தான் ஆட்களின் வருமானம் சுருங்கும். இதை அறியாமல் நான் ஒரு முறை நன்றாகவே மாட்டிக்கொண்டேன்.

புகைமூட்டமும் இதன் உறவுதான். வறண்ட வருஷத்தில் சுமாத்திராவின் கரிமண் காடுகளில் வைத்த தீ அணைவதில்லை. நம் ஊர் வழியே ஓடும் மூவார் ஆறு கடலில் சேரும் மூவார் நகரில், 2013 ஜூனில் காற்றின் மாசு 700க்கு மேல் ஏறி அவசரநிலை பிரகடனம் செய்ய நேர்ந்தது.

இனிச் சரக்குக்கு வருவோம். 2022 மார்ச்சில் இந்தியாவில், 1901 முதல் உள்ள பதிவுகளில் இல்லாத வெயில் அடித்தது. மணி முற்றும் பருவத்தில் கோதுமை சுருங்கியது. மே மாதம் 13ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்டில் மாவுக்கும் கட்டுப்பாடு. அந்த வெயிலை ஆராய்ந்தவர்கள், பூமி சூடானதால் அப்படிப்பட்ட வெயில் வரும் வாய்ப்பு 30 மடங்கு கூடியது என்று எழுதினார்கள். மறுவருஷம் அரிசி. மழை ஒழுங்காக அமையவில்லை, எல் நினோ பயமும் இருந்தது, விலையும் ஏறியது. 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. இங்கே இறக்குமதி அரிசி செப்டம்பர் முதல் தேதியில் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாயிற்று. எல்லோரும் விலை குறைந்த உள்நாட்டு அரிசிக்கு ஓடினார்கள். அது கடைகளில் மறைந்தது. இதில் வானத்தின் பங்கு எவ்வளவு, அரசாங்கங்களின் பங்கு எவ்வளவு, மனிதரின் பேராசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பதுக்கி வைத்திருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரியும். உண்மையைச் சொன்னால், ஐந்து மூட்டையைப் பின்னால் ஒதுக்கி வைத்துப் பழைய விலைக்கே பழைய வாடிக்கைக்காரருக்குக் கொடுத்தேன். புதிதாக வந்து வெறுங்கையோடு போனவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

இந்தக் கடனை யார் பட்டது என்று கேட்டால், இதுவரை உலகில் எரித்ததில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றின் பேரில் நிற்கிறது. ரப்பர் வெட்டுகிறவர் பேரில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். வெட்டில்லாத நாள் அவருக்குத்தான். ஆனால் நம்மையும் முழுக்க விடுவித்துக்கொள்ள முடியாது. என் கடையின் ஐஸ் பெட்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. இந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உண்டாவது. புக்கிட் புத்துஸ் ஏறி வரும் லோரி டீசலில் வருகிறது. இரண்டு பழைய பெட்டிகளை ஒன்றாக்கியதில் மின்கட்டணமும் குறைந்தது.

கடைக்காரர் உடனே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நம்மில் பலர் கடைக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்து, கவலை விட்டது என்று இருக்கிறோம். சாதாரணத் தீ பாலிசியில் வெள்ளம் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். நண்பர் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் என் பத்திரத்தை எடுத்து மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தீ இருந்தது, இடி இருந்தது, வெள்ளம் இல்லை. வருஷக் கடைசி மழைக்கு முன் அதைச் சேர்த்துவிட்டு, அரிசி மூட்டைகளையும் தரையிலிருந்து மூன்றடி உயரப் பலகைக்கு ஏற்றிவிட்டேன்.