பழைய மேக் கணினியில் மறுபடியும் ஓ.எஸ். போடும் முறை



துபாயிலும் தம்மாமிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், தாங்கள் புழங்கிய ஆப்பிள் மேக் கணினியை ஊரில் படிக்கும் தம்பிக்கோ அக்கா மகளுக்கோ கொடுத்தனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. கம்பெனியில் கழித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கி அனுப்புவோரும் உண்டு. கல்வி உதவியாக நம் டிரஸ்டுக்கும் சில வந்திருக்கின்றன. உத்தமபாளையம் ஹவுதியா கல்லூரிக்கோ தேனிக்கோ மதுரைக்கோ படிக்கப் போகும் பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்கித் தர இயலாத வீட்டில் இது பெரிய உதவி. ஆனால் அப்படி வந்தவற்றில் பல, பாஸ்வேர்டு தெரியவில்லை, ரொம்ப மெதுவாக ஓடுகிறது, கல்லூரித் தளம் திறக்கவில்லை என்று பீரோவுக்குள் போய்விட்டன. உள்ளே இருக்கும் ஓ.எஸ். எனும் இயங்குதளத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி போட்டால் இவற்றில் பெரும்பாலானவை இன்னும் சில வருடம் உழைக்கும். அந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதல் வேலை கணினியில் இல்லை, அதைக் கொடுத்தவரிடம் இருக்கிறது. அவருடைய குடும்பப் படங்கள், கடிதங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவை நம் கையில் இருக்கும் அமானிதம். திறந்து பார்க்க நமக்கு உரிமை கிடையாது. ஆகவே அழிக்குமுன் அவருக்கு ஒரு போன் செய்து, தேவையானதையெல்லாம் எடுத்துக்கொண்டாரா என்று கேட்டுவிட வேண்டும். அழித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அதே போனில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா? மேக்கில் ‘ஃபைண்ட் மை’ என்றொரு வசதி உண்டு. கணினி திருடுபோனால் உரிமையாளர் எங்கிருந்தும் பூட்டுவதற்காக வைத்தது. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது நாம் அழித்தால், டி2 சிப் உள்ள மேக்குகளில் ‘ஆக்டிவேஷன் லாக்’ விழுந்துவிடும். பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கொடுத்தாலன்றி அது திறக்காது. நல்ல வேளையாக அவர் ஊருக்கு வர வேண்டியதில்லை. இருக்கும் இடத்திலிருந்தே ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, தன் சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்த மேக்கை நீக்கிவிட்டால் போதும். அதைவிடப் பழைய கணினிகளில் வேறொரு பூட்டு இருக்கலாம். பவர் போட்டு ரிகவரிக்குள் நுழைய முயலும்போது திரையில் பூட்டுப் படமும் பாஸ்வேர்டு கட்டமும் வந்தால், அது ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு. போட்டவருக்கே தெரிந்தால்தான் உண்டு. மறந்திருந்தால், வாங்கிய பில்லுடன் ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

விலைக்கு வாங்குவோர் இந்த இடத்தில் நின்று கவனிக்கவும். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் வெளியூர்க் கடை ஒன்றில், மகளின் காலேஜ் படிப்புக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் ஒரு மேக்புக் வாங்கி வந்தார். பில் இல்லை. வீட்டில் வந்து அழித்தபோது பூட்டு விழுந்தது. கடைக்காரர் பொறுப்பேற்கவில்லை, முதல் உரிமையாளர் யாரென்றும் தெரியவில்லை. அது திருட்டுப் பொருளாகக்கூட இருந்திருக்கலாம். பில் இல்லாத, ஐகிளவுட் நீக்கப்படாத மேக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கடையிலேயே அழித்து, வரவேற்புத் திரை வரை கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வேலை இல்லை.

அடுத்தது, கணினியின் வயது. திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் படத்தை அழுத்தி ‘அபவுட் திஸ் மேக்’ என்பதைத் திறந்தால் மாடலும் ஆண்டும் தெரியும். திரையே வரவில்லையென்றால் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஏ என்று தொடங்கும் எண் பொடி எழுத்தில் இருக்கும். இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. 13 அங்குல மேக்புக் ஏரில் ஏ1466 என்ற ஒரே எண் 2012 முதல் 2017 வரை வந்த மாடல்களுக்கெல்லாம் உண்டு. ஆனால் 2012 மாடல் கேட்டலினா வரைதான் ஏற்கும். 2013, 2014 மாடல்கள் பிக் சர் வரை ஏற்கும். 2015, 2017 மாடல்கள் மான்டரே வரை போகும். அதே போல டிவிடி டிரைவ் உள்ள ஏ1278 மேக்புக் ப்ரோவில் 2010, 2011 மாடல்கள் ஹை சியராவோடு நின்றுவிடும், 2012 மாடல் கேட்டலினா வரை வரும். ஆகவே எண்ணுக்குக் கீழே உள்ள சீரியல் நம்பரை ஆப்பிள் தளத்தில் போட்டு ஆண்டை உறுதி செய்துகொள்ளுங்கள். 2020 நவம்பரில் அறிமுகமான எம்1 சிப் மேக்குகளுக்கும் அதன் பின் வந்தவற்றுக்கும் முறையே வேறு. பவர் பட்டனை விடாமல் அழுத்தினால் தேர்வுத் திரை வரும். இந்தக் கட்டுரை இன்டெல் சிப் உள்ள பழையவற்றுக்கு மட்டும்.

இருப்பதிலேயே புதிய ஓ.எஸ்.ஸைத்தான் போட வேண்டும் என்பது நம்மிடம் பரவலாக உள்ள எண்ணம். கணினி ஏற்கும் எல்லைக்குள் புதியதைப் போடுவது சரி. அதன் பிறகும் ஹார்ட் டிஸ்க்கையும் மெமரியையும் பார்க்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மேக்கில் கேட்டலினா போட்டால் பிள்ளை ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம். ஏ1278 வகையில் பின்மூடியின் ஸ்குருக்களைக் கழற்றிச் சாதாரண இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. ஒன்றை நாமே மாற்றிக்கொள்ள முடியும். அந்தச் செலவு வீண்போகாது என்பது எங்கள் கருத்து. அச்சுத் தொழில் செய்வோருக்கு வேறு கணக்கு. 2019இல் வந்த கேட்டலினா, 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்திவிட்டது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கப் பழைய இன்டிசைன் சி.எஸ்.6 வைத்திருப்பவர்கள் கேட்டலினாவுக்கு மாறினால் அது திறக்காது. அவர்கள் அதற்கு முந்தைய மொஹாவேயோடு நின்றுகொள்வதே நல்லது.

இனி வேலைக்கு வருவோம். சார்ஜரைச் செருகி வையுங்கள். பழைய லேப்டாப்பின் பேட்டரி கரண்ட் போன மறு நிமிடமே கைவிடும். மேசைக் கணினியான ஐமேக்குக்கு யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். மின்நிறுத்தம் அறிவித்த நாளில் கையே வைக்காதீர்கள்.

கணினியை அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திய உடனே கமாண்ட், ஆர் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தால் ஆப்பிள் சின்னம் வந்து ரிகவரி திறக்கும். இது கணினியின் உள்ளேயே உள்ள சிறு பகுதி, 2011இல் வந்த லயன் காலத்திலிருந்து உண்டு. அந்தப் பகுதி அழிந்திருந்தாலோ புது டிஸ்க் மாற்றியிருந்தாலோ, ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் அழுத்த வேண்டும். உலக உருண்டை சுழலும், வை-ஃபை கேட்கும். இதுதான் இன்டர்நெட் ரிகவரி. கணினி ஏற்கும் கடைசி ஓ.எஸ். இதில் வரும். அவற்றோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால், கணினி விற்பனைக்கு வந்தபோது இருந்த ஓ.எஸ். அல்லது அதற்கு நெருக்கமாக இப்போது கிடைப்பது வரும். கல்லூரி விடுதி போல, திரையில் பெயர் பதிந்து நுழையும் வை-ஃபையில் இது வேலை செய்யாது.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி கிடைக்கும். ஹை சியராவுக்கு மட்டும் ஏறக்குறைய 5 ஜிபி வேண்டும், கேட்டலினாவுக்கு 8, பிக் சர், மான்டரேவுக்கு 12 வரை போகும். பாதியில் டேட்டா தீர்ந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். பிராட்பேண்ட் உள்ள வீட்டில் இஷாவுக்குப் பிறகு தொடங்கினால் ஃபஜ்ருக்குள் முடிந்திருக்கும். இல்லையென்றால் 16 ஜிபி பென்டிரைவில் முன்பே ஏற்றிய ஓ.எஸ்.ஸைக் கொண்டு செய்வது எளிது. பென்டிரைவைச் செருகி, ஆப்ஷன் விசையை மட்டும் அழுத்தியபடி பவர் போட்டால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும்.

ரிகவரி திறந்ததும் முதலில் டிஸ்க் யூட்டிலிட்டிக்குள் போங்கள். ‘வியூ’ பகுதியில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மாற்றி, பட்டியலின் மேலே உள்ள முழு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘இரேஸ்’ கொடுங்கள். ஹை சியராவோ அதன் பிறகு வந்ததோ போடப்போகிற எஸ்.எஸ்.டி.க்கு ஏ.பி.எஃப்.எஸ். என்பதையும், சியராவுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் மேக் ஓ.எஸ். எக்ஸ்டெண்டட் ஜர்னல்ட் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் கீழ் ஸ்கீம் என்னும் இடத்தில் ஜி.யு.ஐ.டி. இருக்கட்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், சாதாரணமாக அழித்தவை திரும்ப எடுக்கக் கூடியவை. அங்கேயே ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ என்று இருக்கும். அதில் ஒரு படி நகர்த்தி வைத்தால் பழைய தகவல்களின் மேல் எழுதி அழிக்கும். நேரம் கூடுதலாகும். கொடுத்தவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு டிஸ்க் யூட்டிலிட்டியை மூடிவிட்டு ‘ரீஇன்ஸ்டால்’ கொடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் பலமுறை அணைந்து எழும். ஐந்து நிமிடம் மீதி என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் நிற்கும். பொறுமையிழந்து அணைத்துவிடாதீர்கள்.

இரண்டு தடங்கல்கள் அடிக்கடி வரும். சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று காட்டினால் நெட்டைக் குறை சொல்லுமுன் தேதியைப் பாருங்கள். வெகுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த மேக்கின் கடிகாரம் பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி ஏற்காது, இணைப்பும் கிடைக்காது. மேலே யூட்டிலிட்டீஸ் பகுதியில் டெர்மினலைத் திறந்து, டேட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்ற வரிசையில் எண்களைச் சேர்த்து அடிக்க வேண்டும். 2026 மார்ச் 15, காலை பத்தரை என்றால் 0315103026. இரண்டாவது தடங்கல் பழைய பென்டிரைவில் வரும். 2019 அக்டோபர் 24க்கு முன் இறக்கிய இன்ஸ்டாலர்களின் சான்றிதழ் அன்றோடு காலாவதியாகிவிட்டது. ஃபைல் கெட்டுவிட்டது என்று காட்டும். கெடவில்லை. ஆப்பிள் பிறகு வெளியிட்ட புதுப் பிரதியை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

வரவேற்புத் திரை வந்தபின், கணினி வேறொரு பிள்ளைக்குப் போவதாக இருந்தால் பெயர் எதுவும் பதியாமல் கமாண்ட், க்யூ அழுத்தி அணைத்துக் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் பிள்ளை தன் பெயரில், தன் ஆப்பிள் ஐ.டி.யில் தொடங்கட்டும்.

பயன்படுத்துவதிலும் அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழைய ஓ.எஸ்.களுக்கு ஆப்பிள் இப்போது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதில்லை. அதனுடன் வரும் சஃபாரியும் அங்கேயே நின்றுவிட்டது. அது ஏற்கும் கடைசி ஃபயர்பாக்ஸைப் போட்டுக்கொண்டால் கல்லூரி, உதவித்தொகைத் தளங்கள் பெரும்பாலும் திறக்கும். எல் கேப்பிட்டனோடு நின்ற 2009 மேக்புக் ப்ரோ போன்றவற்றை எழுதுவதற்கும் படிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பர் 30இல் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியான பின் அவற்றின் சஃபாரியில் ஏராளமான தளங்கள் திறக்கவே மறுக்கின்றன. வங்கி வேலையை எந்தப் பழைய மேக்கிலும் செய்யாதீர்கள்.

நெட் அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு, அதே கணினியில் லினக்ஸ் மின்ட் போடுவது இன்னொரு வழி. இலவசம், திருத்தங்களும் தொடர்ந்து வரும். மேக்கின் வை-ஃபைக்கு மட்டும் தனியாக டிரைவர் ஏற்ற வேண்டியிருக்கும். லினக்ஸ் என்றதும் மிரள வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நம் பிள்ளைகள் பலருக்கு நினைவிருக்கும்.

தமிழில் எழுத மேக்கில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கீபோர்டு அமைப்பில் ‘இன்புட் சோர்சஸ்’ போய்த் தமிழைச் சேர்த்தால் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பது அஞ்சல். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு தமிழ் 99. மேக்கோடு வரும் இணைமதி எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். மதரஸா பிள்ளைகளுக்கு அரபி விசைப்பலகையும் அதே இடத்தில் கிடைக்கும்.

ஹை சியரா, கேட்டலினா, மான்டரே ஏற்றிய பென்டிரைவ்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கின்றன. சனி, ஞாயிறு மக்ரிபுக்குப் பின் கணினியையும் சார்ஜரையும் கொண்டுவரலாம், கட்டணம் இல்லை. கொடுத்தவரிடம் போனில் பேசி, ஐகிளவுட்டிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவராக இருந்தால் அந்த நேரத்தில் போனை எடுக்கும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.