பிள்ளைகள் சாப்பிடும் உப்பு எங்கிருந்து வருகிறது? வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு



உங்க வீட்டுல உப்பு பாக்கெட்டைக் கடைசியா எப்போ பிரிச்சீங்க? தேதி ஞாபகம் இருக்கா? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. பால், அரிசி, கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம், உப்புக்கு மட்டும் வைப்பதில்லை. விலை குறைந்த பொருள் என்பதால் அது கண்ணில் படுவதே இல்லை. ஆனால், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கணக்கு அவசியம். கையில் இருக்கும் செல்போனை வைத்தே அதைப் போட்டுவிடலாம், வாங்க!

எவ்வளவு போதும்?

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். 2 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்களுக்குத் தேவைப்படும் கலோரிக்கு ஏற்ப இதையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, பாக்கெட்டில் வருவது எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு என்பதைக் கவனியுங்கள்.

அதிகமானால் என்ன ஆகும்? உப்பில் உள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்த அழுத்தம் ஏறும். கூடுதல் சோடியத்தை வெளியேற்ற சிறுநீரகம் அதிகமாக உழைக்க வேண்டிவரும். பிள்ளைக்கு ரத்த அழுத்தம் கூடினாலும் பெரும்பாலும் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. இன்னொன்று, நாக்கின் பழக்கம். சின்ன வயதில் பழகிய உப்பைத்தான் பெரியவரான பிறகும் நாக்கு கேட்கும்.

முதல் கணக்கு: உப்பு பாக்கெட்

அடுத்த முறை ஒரு கிலோ உப்பு பிரிக்கும்போது, பாக்கெட் மேல் தேதி எழுதி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தீரும் நாளில் இன்னொரு படம். அவ்வளவுதான்.

வீட்டில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்துவிட்டால் ஆளுக்கு 10 கிராம், அதாவது இரண்டு மடங்கு. கீரை, மீன் கழுவவும், ஊறுகாய் போடவும் எடுத்த உப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சாப்பிடுவதும் கடையில் வாங்குவதும் இந்தக் கணக்கில் வராது. அதனால் இது துல்லியமான கணக்கல்ல. ஆனாலும் நம்ம வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிவிடும்.

ஒரே தட்டில் நாலு இடம்

“எங்க வீட்டுல சிப்ஸே வாங்கறதில்லை, அப்புறம் எப்படி?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலை இட்லித் தட்டைப் பாருங்கள். மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, இட்லிப் பொடியில் உப்பு. ஒவ்வொன்றிலும் அளவாகத்தான் போட்டிருப்போம். தட்டில் நாலும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

மதியம் டப்பாவில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ரெண்டு அப்பளம், ஓரத்தில் ஊறுகாய். அப்பளம், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு இவையெல்லாம் உப்பால்தான் கெடாமல் இருக்கின்றன. ‘தொட்டுக்க’ என்று வைப்பதே சில நாளில் சாதத்தைவிட அதிக உப்பைக் கொண்டுவந்துவிடும்.

மாலையில் பஜ்ஜி, போண்டா. இவற்றில் உப்போடு சமையல் சோடாவும் சேர்கிறது. அது உப்புக் கரிக்காது, ஆனால் அதுவும் சோடியம்தான். ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் உண்டு. பிரெட், பன், ரஸ்க், பிஸ்கட் எல்லாம் இப்படித்தான். இனிப்பு பிஸ்கட்டாக இருந்தாலும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், சோடியம் இருக்கும்.

இரண்டாவது கணக்கு: லேபிள்

பாக்கெட்டில் ‘உப்பு’ என்று போடாமல் ‘சோடியம்’ என்று போட்டிருப்பார்கள். அச்சும் பொடியாக இருக்கும். போன் கேமராவில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு மூன்றே படிகள்:

1. 100 கிராமில் எவ்வளவு சோடியம் என்று பாருங்கள்.
2. பிள்ளை சாப்பிடும் அளவுக்கு அதை மாற்றுங்கள்.
3. வரும் எண்ணை 2.5 ஆல் பெருக்குங்கள். அதுதான் உப்பு.

உதாரணமாக, ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் சோடியம் என்று இருக்கிறது. பாக்கெட் 70 கிராம் என்றால் 840 மில்லிகிராம். 2.5 ஆல் பெருக்கினால் 2,100. அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு! பெரியவருக்கான ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரே கிண்ணத்தில் போய்விட்டது. அதில் பெரும்பகுதி அந்தச் சின்ன மசாலாப் பொட்டலத்தில் இருக்கும். முழுப் பொட்டலத்தையும் கொட்டாமல் பாதி போட்டு, கேரட், பீன்ஸ், முட்டை சேர்த்தால் உப்பு நன்றாகவே குறையும்.

இங்கே ஒரு கவனம் தேவை. லேபிளில் ‘ஒரு பரிமாறலில் இத்தனை சதவீதம்’ என்றும் போட்டிருப்பார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்தை அடிப்படையாக வைத்துப் போடும் சதவீதம் அது. பெரியவர் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு அதே பாக்கெட் அதைவிட அதிக சதவீதம். ‘ஒரு பரிமாறல்’ என்பதும் பல பாக்கெட்டுகளில் பாதிப் பாக்கெட்டாகக்கூட இருக்கும். எந்தப் பிள்ளை பாதியில் நிறுத்துகிறது, சொல்லுங்கள்!

எப்படிக் குறைப்பது?

ஒரே நாளில் குறைத்தால் தட்டு அப்படியே திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிரிட்டனில் ரொட்டி உள்ளிட்ட உணவுகளில் இப்படித்தான் படிப்படியாக உப்பைக் குறைத்தார்கள். 2003-ல் 9.5 கிராமாக இருந்த பெரியவர்களின் சராசரி 2011-ல் 8.1 கிராமாக இறங்கியது.

அங்கே உப்பு பெரும்பாலும் கடை உணவில் வருகிறது. நம்மைப் போலவே வீட்டுச் சமையலில் அதிக உப்பு சேர்க்கும் சீனாவில் வேறு வழி பார்த்தார்கள். வட சீனாவின் சாங்ஷி நகரில் 2011-ல் 28 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்தி, அதை வீட்டில் போய்ச் சொல்ல வைத்தார்கள். ஒரு பருவம் முடிவதற்குள், பாடம் நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டால், பிள்ளைகள் சாப்பிட்ட உப்பு நாளொன்றுக்கு 1.9 கிராம் குறைந்திருந்தது. வீட்டுப் பெரியவர்களுக்கோ 2.9 கிராம்! அதனால் லேபிள் கணக்கைப் பிள்ளையிடமே கொடுங்கள். பெருக்கல் பாடமும் ஆயிற்று.

சமையலறையில் செய்யக்கூடியவை:

• கைக்கணக்கில் போடாமல் டீஸ்பூனில் அளந்து போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை குறையுங்கள்.
• எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கொத்தமல்லி, கறிவேப்பிலை ருசியை ஏற்றிக் கொடுக்கும்.
• சாப்பிடும் இடத்தில் உப்பு ஜாடி வைக்க வேண்டாம். தயிர்சாதத்துக்கு ஊறுகாயோ மோர்மிளகாயோ ஏதாவது ஒன்று போதும்.
• மாங்காய், கொய்யாவை உப்பு மிளகாய்த்தூள் இல்லாமலும் கொடுத்துப் பழக்குங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கல் உப்பு, இந்துப்பு நல்லதாச்சே? அவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் மூளைக்கும் அயோடின் தேவை. எனவே அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள், அளவைக் குறையுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா? அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். 2025-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தபோது பிள்ளைகளையும், கர்ப்பிணிகளையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வெயிலில் விளையாடும் பிள்ளைக்கு உப்பு வேணாமா? வழக்கமான சாப்பாட்டிலேயே போதுமான உப்பு கிடைத்துவிடும். விளையாட்டின்போது முதலில் தேவை தண்ணீர். வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் வேறு விஷயம். பாக்கெட்டில் சொன்ன அளவிலேயே கலந்து கொடுங்கள்.

பள்ளி வாசலில்

உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி உணவகத்திலும், பள்ளி வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. 2020-ல் வெளியான விதி இது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி அருகே நிலைமை எப்படி என்று பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலி மூலம் புகாரும் அளிக்கலாம். பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் அதிலேயே சரிபார்க்கலாம். லேபிளே இல்லாத பாக்கெட் என்றால் அதில் கணக்குப் போட வழியில்லை. அதை வாங்காமல் விடுவதே நல்லது.

இன்றைய வீட்டுப்பாடம்: உப்பு பாக்கெட் மேல் தேதி எழுதுங்கள். பிள்ளைக்குப் பிடித்த மூன்று நொறுக்குத் தீனி பாக்கெட்டுகளைத் திருப்பிப் படம் எடுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து 2.5 ஆல் பெருக்கிப் பாருங்கள். எதைக் குறைக்கலாம் என்று அவர்களே சொல்லட்டும்.