கணிப்பொறித் திரையின் பின்னொளி: மாறிவரும் தொழில்நுட்பங்கள்

கணிப்பொறித் தட்டைத் திரைகளில் பெரும்பாலானவை நீர்மப் படிகத் திரைகளாகும். நீர்மப் படிகம் தானாக ஒளி வீசுவதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியைச் சில இடங்களில் விடுத்தும், சில இடங்களில் தடுத்தும் உருவத்தைக் காட்டுகிறது. ஆகவே, திரைக்குப் பின்னால் ஒரு விளக்கமைப்பு இன்றியமையாதது. இதுவே பின்னொளி எனப்படுகிறது. ஒரு திரைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை, அது வண்ணங்களை எவ்வளவு செம்மையாகக் காட்டும், பயன் முடிந்தபின் எத்தகைய கழிவாகும் என்பவற்றைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது இப்பின்னொளியே.

ஒளி இழப்பு

திரையினுள் நுழையும் ஒளியில் ஏறத்தாழப் பாதியை முதலிலுள்ள முனைவாக்கித் தகடு உறிஞ்சிவிடுகிறது. எஞ்சியதில் மூன்றில் இரு பங்கை, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் தடுத்துவிடுகின்றன. பிற இழப்புகளையும் கழித்தால், கண்ணை வந்தடைவது பொதுவாக 10 சதவீதத்திற்கும் குறைவே. எனவே, பின்னொளியில் ஏற்படும் ஒவ்வொரு முன்னேற்றமும் மின்சிக்கனத்திற்கு வழி வகுக்கிறது.

பாதரசக் குழாயிலிருந்து எல்.இ.டி.க்கு

தொடக்க காலத் தட்டைத் திரைகளில் மெல்லிய ஒளிர்குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. குழாயிலுள்ள பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிட, உட்பூச்சு அதனைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றும். இக்குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் தேவைப்பட்டது. பாதரசம் இன்றி அவை இயங்கா.

நீல நிற எல்.இ.டி. உருவானதும் இந்நிலை மாறியது. இதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சைச் சேர்த்தால் வெண்ணிற ஒளி கிடைக்கிறது. திரையின் ஓரத்தில் வரிசையாக அமைந்த எல்.இ.டி.க்களின் ஒளியை ஒளிகடத்தும் தகடு திரை முழுவதும் பரப்புகிறது. அலுவலகத் திரைகளில் இம்முறையே பெருவழக்காக உள்ளது.

புதிய முறைகள்

மினி எல்.இ.டி. முறையில், திரையின் பின்புறம் முழுவதும் மிகச் சிறிய விளக்குகள் பரப்பப்பட்டு, பல பகுதிகளாகப் பிரித்து இயக்கப்படுகின்றன. உருவத்தில் இருண்ட பகுதிக்குப் பின்னுள்ள விளக்குகளை மட்டும் மங்கச் செய்யலாம். ஆப்பிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஒரு திரையில் இத்தகைய பகுதிகள் 576 இருந்தன.

மற்றொன்று, குவாண்டம் புள்ளிப் படலம். சில நானோமீட்டர் அளவேயுள்ள துகள்கள் நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. இத்துறை ஆய்வுக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், இத்துகள்களில் சில வகைகள் காட்மியம் கொண்டவை. காட்மியத்தின் அளவை 0.01 சதவீதத்திற்குள் இந்திய மின்னணுக் கழிவு விதிகள் கட்டுப்படுத்துவதால், இண்டியம் பாஸ்பைடு போன்ற மாற்றுப் பொருள்கள் முக்கியத்துவம் பெறுகின்றன.

செலவும் பயனும்

ஒரு திரையில் 10 வாட் மிச்சமாவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாட்கள் இயங்கினால் 20 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். ஆயிரம் திரைகள் கொண்ட துறையில் இது 20,000 யூனிட் ஆகும். எனினும், புதியது அனைத்தும் சிக்கனமானதன்று. மினி எல்.இ.டி. திரையை முழுப் பொலிவில் இயக்கினால் மின்செலவு கூடும். கோப்புகளையும் கணக்குகளையும் பார்க்கும் பணிக்கு ஓர எல்.இ.டி. திரையே போதுமானது. மருத்துவப் படங்கள், அச்சு வடிவமைப்பு போன்ற பணிகளுக்கு உயர்ந்த முறைகளின் கூடுதல் விலை தகும்.

பழைய திரைகள்

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை ஏற்புறுதி செய்தது. மின்னணுத் திரைகளுக்கான பாதரசக் குழாய்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2025உடன் நிறுத்த 2022இல் அவ்வுடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. ஆனால், முன்னரே வாங்கப்பட்டுச் சேமிப்பறைகளில் கிடக்கும் திரைகளுக்குள் பாதரசம் இருந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைப் பழைய பொருளாக ஏலத்தில் விட்டால், குழாய்களைக் கையால் உடைத்துப் பிரிக்கும் தொழிலாளியே பாதரச ஆவியைச் சுவாசிக்க நேரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் இத்தகைய கழிவைப் பதிவு பெற்ற அமைப்புகளிடமே ஒப்படைக்க வேண்டும். திரை வாங்கும்போது விலையுடன் மின்செலவையும் இறுதி அகற்றலையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறையான கொள்முதலாகும்.