எருமைத் தயிருக்கு எத்தனை பாகை?

சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் என்றால் கிழக்கில் எல்லோருக்கும் மட்டக்களப்பு எருமைத் தயிர்தான் நினைவுக்கு வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பட்டிகளில் கறக்கும் எருமைப் பாலில் ஏறக்குறைய 7 சதவீதம் கொழுப்பு இருக்கும். பசும்பாலில் 4 சதவீதம்தான். கெட்டித் தன்மையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி சூட்டின் கையில். நல்ல பால் வாங்கியும் வீட்டில் தயிர் நீர்த்துப் போகிறது என்றால் பட்டிக்காரரைக் குறை சொல்வதற்கு முன் சூட்டைப் பார்க்க வேண்டும்.

முதலில் காய்ச்சல். பால் பொங்கியதும் இறக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பொங்கியபின் தீயைத் தணித்து, 85 முதல் 90 பாகையில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக் கிண்ட வேண்டும். அந்தச் சூட்டில் பாலின் ஊநீர்ப் புரதங்கள் உருக்குலைந்து கேசீன் புரதத்தோடு பிணைகின்றன. தயிர் உறையும்போது தண்ணீரைப் பிடித்து வைப்பது இந்தப் பிணைப்புத்தான். கிருமிகள் சாவது இன்னொரு லாபம்.

அடுத்தது ஆறவிடுதல். இங்கேதான் கிணற்றுத் தண்ணீர் உதவுகிறது. மட்டக்களப்பில் அது 28 பாகை அளவில் இருக்கும். 90 பாகையில் உள்ள இரண்டு லீற்றர் பாலைப் பாத்திரத்தோடு நான்கு லீற்றர் கிணற்றுத் தண்ணீர் உள்ள பேசினில் இறக்கிக் கிண்டினால், பாலும் தண்ணீரும் சூட்டைப் பங்கிட்டுக்கொண்டு 48 பாகைக்குக் கிட்ட வந்து நிற்கும். இன்னும் சிறிது நேரம் காற்றுப் பட்டால் 45. அதாவது பாலைப் போல இருமடங்கு தண்ணீர். அதைவிட மிக அதிகமாக ஊற்றினால் பால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். தயிரை உறையவைக்கும் பக்ரீரியாக்களுக்கு 42 முதல் 45 பாகை பிடிக்கும். 50ஐத் தாண்டினால் அவை வாடத் தொடங்கும்.

ஐரோப்பாவில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள், நொறுக்கிய மால்ட்டில் ஊற்றும் தண்ணீருக்குப் போடும் கணக்கும் இதே வகைதான். தானியமும் பாத்திரமும் சூட்டைக் குடிக்கும் என்பதால், தேவையான 65 அல்லது 68 பாகையைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்றுவார்கள். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் வடித்தால் மதுவரிச் சட்டப்படி குற்றம். தயிருக்கு அந்தத் தொல்லை இல்லை, கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் மண்சட்டியும் சூட்டைக் குடிக்கும். முக்கால் கிலோ எடையுள்ள சட்டியில் ஒரு லீற்றர் பாலை 45 பாகையில் ஊற்றினால் இரண்டரைப் பாகை போய்விடும். மாரிகாலத்தில் சட்டி சில்லென்று இருக்கும்போது இழப்பு இன்னும் கூடும். கழுவிய சட்டியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டோடு பயன்படுத்துவது நல்லது. ஈரச் சட்டி கூடாது. சட்டியின் நுண்துளைகள் தயிரின் நீரை உறிஞ்சுவதால்தான் அது மேலும் இறுகுகிறது. முன்பே நனைந்த சட்டி எதை உறிஞ்சும்?

ஒரு லீற்றர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி நேற்றைய தயிரைக் கட்டியில்லாமல் அடித்துக் கலந்தால் உறைமோருக்குப் போதும்.

இனி சூட்டைக் காக்க வேண்டும். மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி இதற்கு அருமையான சாமான், மணம் போகக் கழுவியிருந்தால். எவர்சில்வர் பாத்திரத்தில் உறையவைப்பவர்கள் பெட்டிக்குள் வெந்நீர் ஊற்றி அதில் பாத்திரத்தை நிறுத்தலாம். கொதிநீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் 46 பாகை வரும், வெப்பமானி தேவையில்லை. மண்சட்டியை மட்டும் தண்ணீரில் வைக்கக் கூடாது, நீர் உள்ளே கசியும். அதற்கு, கொதிநீர் ஒன்றுக்குக் கிணற்றுநீர் இரண்டாகக் கலந்தால் கிடைக்கும் 52 பாகை வெந்நீரைப் போத்தல்களில் அடைத்துச் சட்டியின் இருபுறமும் நிறுத்தி மூடிவிடலாம். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை போத்தல் நீரை மாற்றினால் நல்லது. அப்போதும் சட்டியை ஆட்டக் கூடாது.

இப்படி வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் தயிர் உறையும். பெட்டியில்லாமல் அடுப்படி மூலையில் வைத்தால் ஓர் இரவு முழுதும் பிடிக்கும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதுவே போதும், பெட்டி வீண்வேலை. மார்கழி, தை மழையில் பெட்டி இல்லாமல் சரிவராது.

உறைந்த தயிரை உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். 42 பாகையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புளிப்பு ஏறும், மேலே ஊநீர் பிரியும். அந்தப் புளிப்பைக் கித்துள் பாணி ஊற்றியும் மறைக்க முடியாது.