முட்டை ஒட்டுண்ணிக் குளவியில் ஆண், பெண் நிர்ணயம்

கரும்பின் இடைக்கணுப்புழுவை அடக்குவதற்காகத் தோகைகளில் கட்டப்படும் முட்டை ஒட்டுண்ணி அட்டையை அறியாத களப்பணியாளர் இரார். நட்ட நான்காம் மாதம் தொட்டு, 15 நாட்களுக்கு ஒருமுறையாக ஆறு தடவை இதனைக் கட்டுமாறு சிபாரிசு செய்யப்படுகிறது. ஒரே கணக்கில் அட்டைகளைக் கட்டியும், ஒரு தோட்டத்தில் சேதம் குறைந்து அடுத்த தோட்டத்தில் குறையாமற் போவதுண்டு. வெயில், மழை, எறும்பு, பூச்சிமருந்து முதலியவற்றைக் காரணமாகக் கூறுவர். அவை உண்மையான காரணங்களே. எனினும், அட்டையிலிருந்து வெளிவந்த குளவிகளுள் பெண்கள் எத்தனை என்ற கேள்வியை எவரும் எளிதில் எழுப்புவதில்லை. புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டையைத் துளைத்து அதனுள் தன் முட்டையைச் செலுத்துவது பெண் குளவி ஒன்றே. ஆண் குளவியால் பயிருக்கு நேரான பயன் ஏதுமில்லை.

டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும் இக்குளவியின் நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. கார்சைரா எனப்படும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளில் இதனை வளர்க்கின்றனர். அம்முட்டைகளினுள் உள்ள கருவைப் புற ஊதாக் கதிரால் கொன்று, அட்டையில் ஒட்டி, குளவிகளுக்கு வைப்பார்கள். ஒட்டுண்ணி புகுந்த முட்டை சில நாட்களில் கறுத்துவிடும். குளவியின் புழு, முட்டை ஓட்டின் உட்புறத்தில் கரிய துகள்களைப் படியவிடுவதே இந்நிறத்திற்குக் காரணம். கருமை, உள்ளே குளவி வளர்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கும். அது ஆணா பெண்ணா என்பதைத் தெரிவிக்காது.

தேனீயைப் போலவே இக்குளவியிலும், விந்தணு சேர்ந்த முட்டை பெண்ணாகிறது. சேராத முட்டை ஆணாகிறது. தேனீயில் ஆண்கள் இவ்வாறு பிறப்பதை 1845-இல் ஸியர்ஸோன் என்னும் பாதிரியார் எடுத்துரைத்தார். டிரைக்கோகிரம்மாவின் பெண்ணுக்கு 10 குரோமோசோம்கள், ஆணுக்கு 5. ஒருமுறை கூடிய தாய், விந்தணுக்களைத் தன் உடலில் உள்ள சிறு பையில் சேமித்து வைத்துக்கொள்ளும். முட்டை வெளியேறும் தருணத்தில் பை திறந்தால் மகள்; திறவாவிடில் மகன். கூடாத தாயும் மலடன்று. அது முட்டையிடும், ஆனால் பிறப்பன அனைத்தும் ஆண்களே. ஆணோடு சேராத தாய்களை வைத்து வளர்த்த அட்டையும் கறுத்தே இருக்கும், குளவிகளும் பொரியும். தோட்டத்தில் மட்டும் பயன் இராது.

தாய் எத்தனை மகன்களை ஈனுகிறது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆண்கள் சற்று முந்திப் பொரிந்து, அங்கேயே காத்திருந்து, பின்வரும் பெண்களுடன் கூடுகின்றன. தனியொரு தாயின் மக்கள் மட்டும் ஓரிடத்தில் பொரியுமாயின், பல மகள்களுக்குச் சில மகன்களே போதும். வேறு தாய்களும் அவ்விடத்தில் முட்டையிட்டால் மகன்களின் விகிதம் உயர வேண்டும். இதனை 1967-இல் ஹாமில்டன் கணக்கிட்டுக் காட்டினார். ஈக்களின் கூட்டுப்புழுக்களைத் தாக்கும் நசோனியா என்னும் குளவியில் பிற்காலத்தில் நடந்த சோதனைகள் இதற்கு அரண் செய்தன. உற்பத்தி நிலையத்தார் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: குறைந்த முட்டைகளின்மேல் மிகுந்த தாய்களை விட்டு நெருக்குவது சிக்கனமன்று. ஆண்கள் பெருகுவதோடு, பொரிவனவும் சிறுத்து நலிந்திருக்கும்.

ஆணே இன்றிப் பெண்கள் பெண்களையே ஈனும் டிரைக்கோகிரம்மா வகைகளும் உண்டு. இது பரம்பரைக் குணமென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1990-இல் ஸ்டவுத்தாமரும் உடனுழைத்தோரும் அத்தகைய குளவிகளுக்குத் தேனுடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தனர். பின்னர் ஆண்கள் பிறந்தன. மிகுந்த வெப்பத்தில் வளர்த்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. முட்டையினுள் வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியமே, விந்தணு சேராத முட்டையில் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து பெண்ணாக்குகிறது என்பது பின்பு தெளிவாயிற்று. தாயின் மருந்து மகளின் பாலை மாற்றியது என்றால் முதலில் எவர்தாம் நம்பியிருப்பர்!

பள்ளியிலும் செய்யத்தக்க ஒரு சோதனையை இங்கு கூறலாம். அட்டையினின்று 50 கரிய முட்டைகள் கொண்ட கீற்றொன்றை வெட்டிக் கண்ணாடிக் குழாயிலிட்டு, வாயைப் பஞ்சால் இறுக அடைத்து நிழலில் வைக்கவும். குளவிகள் பொரிந்து மடிந்தபின் அவற்றை நுண்ணோக்கியில் பார்க்கவும். ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் நிறைந்திருக்கும்; பெண்ணின் உணர்கொம்பு நுனியில் தடித்துக் கதை போன்றிருக்கும், நீண்ட மயிர்கள் இரா. இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொள்ளவும். பெண்கள் பாதிக்கும் குறைவாயின், அட்டை வந்த நாளையும் குறிப்பிட்டு உற்பத்தி நிலையத்திற்கு எழுதவும். அட்டையை அளவுக்கு மீறிச் சிறு துண்டுகளாக நறுக்குவதும் விரும்பத்தக்கதன்று. கார்சைரா முட்டை ஒன்றிலிருந்து பெரும்பாலும் ஒரு குளவியே வெளிவருவதால், துண்டில் ஆண் ஒன்றும் இல்லையேல் அங்குப் பொரியும் பெண் கூடாமலே பறந்துவிடக்கூடும்.